டிரிபிளிங் கூடாது, பழகாத காலால்தான் உதைக்கணும்... பசங்களுக்குப் புது ரூல் போட்ட வாத்தியார்! கால்பந்தில் 2 ஆசியத் தங்கம் தந்த கோச் ரஹீம் யார்?

2024 ஏப்ரலில் வெளியான அஜய் தேவ்கனின் 'மைதான்' படத்தைப் பார்த்தவர்களுக்கு சையத் அப்துல் ரஹீம் என்ற பெயர் தெரிந்திருக்கும். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் கால்பந்தில் இந்தியா இதுவரை வென்றது 2 தங்கம். ஒன்று 1951-ல் டெல்லியில், இன்னொன்று 1962-ல் ஜகார்த்தாவில். இரண்டுக்கும் கோச் ஒரே ஆள்தான், ரஹீம்.

படம் 1952 தொடங்கி 1962 வரைக்குமான 10 வருஷங்களைச் சுற்றி நகரும். ஆனால் ரஹீம் ஆடுகளத்தில் விதைபோட்டது அதற்கும் முன்னாடி, ஹைதராபாத்தின் பள்ளிக்கூட மைதானங்களில். இந்திய அணிக்கு கோச் ஆவதற்கு முன் அவர் சாதாரண பள்ளிக்கூட வாத்தியார். சின்னப் பசங்களுக்கு எப்படிக் கால்பந்து சொல்லித்தரணும், எந்தப் பையனுக்கு எது வரும், எது வராது என்பதை அவர் கற்றுக்கொண்டது அங்கேதான்.

உங்கள் வீட்டில் ஒரு பையனோ பொண்ணோ சனி, ஞாயிறு காலையில் கால்பந்து கோச்சிங் போகிறார்களா? அப்படியென்றால் ரஹீமின் கதை உங்களுக்கும் தேவைப்படும்.

*யார் இந்த ரஹீம்?*

1909 ஆகஸ்ட் 17-ம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். அன்றைக்கு அது நிஜாம் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு படித்தார். பல்கலைக்கழக அணியில் கால்பந்து ஆடினார். அதன்பிறகு உள்ளூர் கிளப்பிலும் ஆடினார்.

வேலை? ஆசிரியர். ஹைதராபாத்தில் வெவ்வேறு பள்ளிகளில் பாடம் நடத்தினார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, விளையாட்டு வாத்தியாராகவும் ஆனார். அதாவது, பெரிய நட்சத்திர ஆட்டக்காரராக இருந்து ஓய்வுபெற்று, அந்தப் பெயரை வைத்து கோச் ஆனவர் இல்லை. வகுப்பறையில் இருந்து மைதானத்துக்கு வந்தவர்.

இது சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். ஆனால் ரஹீமைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. ஒரு வகுப்பில் 40 பேர் இருந்தால் 40 பேரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள் என்பது எந்த வாத்தியாருக்கும் தெரியும். ஒருத்தனுக்குச் சொன்னதும் பிடிபடும். இன்னொருத்தனுக்கு 4 முறை சொல்லணும். மூன்றாவது ஆள் வாயே திறக்க மாட்டான், ஆனால் எல்லாம் தெரிந்திருக்கும். இந்தப் பார்வையைத்தான் அவர் அப்படியே கால்பந்துக்குக் கொண்டு போனார்.

*1943-ல் என்ன நடந்தது?*

1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார் ரஹீம். இங்கேதான் கதை வேகம் எடுக்கிறது. அதுவரைக்கும் ஒரு பள்ளியின் பசங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரின் கையில் ஒரு முழு நகரத்தின் கால்பந்தே வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்து இந்தியக் கால்பந்து எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்தது புரியும். பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு பூட்ஸ் பழக்கம் கிடையாது. வெறுங்காலில் ஆடினார்கள். பந்து காலில் ஒட்டிக்கொண்ட மாதிரி சுழற்றி, 2 பேரை, 3 பேரை ஏமாற்றிப் போவதுதான் அழகு. கூட்டமும் அதற்குத்தான் கை தட்டும். பந்து கிடைத்தால் விடாமல் வைத்திருப்பவன்தான் ஹீரோ.

பிரச்சினை என்ன? உள்ளூரில் இது எடுபடும். எதிரில் உயரமான, உடம்பு வலுவான, சீக்கிரமாக பாஸ் கொடுத்து ஓடும் அணி வந்தால் எடுபடாது. 3-வது ஆளை ஏமாற்றுவதற்குள் 4-வது ஆள் பந்தைப் பறித்துக்கொண்டு போயிடுவான்.

வளர்ந்த ஆட்டக்காரரிடம் போய் டிரிபிளிங்கைக் குறைத்துக்கொள் என்று சொன்னால் கேட்பாரா? 15 வருஷப் பழக்கம் ஒரு பேச்சில் போகாது. அதனால் பழக்கம் இன்னும் கெட்டிப்படாத வயசுக்குப் போனார் ரஹீம். பசங்களைப் பிடித்தார்.

*ரூலே வாத்தியார்: ரஹீமின் 2 விநோதப் போட்டிகள்*

ரஹீம் இளம் ஆட்டக்காரர்களுக்கு நடத்திய போட்டிகளில் 2 இன்றைக்கும் கால்பந்து வட்டாரத்தில் பேசப்படுகின்றன.

முதலாவது, டிரிபிளிங் இல்லாத போட்டி. பந்து வந்தால் அதை வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது. உடனே அடுத்தவருக்கு பாஸ் பண்ணணும்.

இந்த ஒரு ரூல் என்னவெல்லாம் செய்யும் என்று பாருங்கள். பந்து வந்தபிறகு யோசிக்க நேரம் இல்லை. அதனால் பந்து வருவதற்கு முன்னாடியே தலையைத் தூக்கி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைக்கணும். பந்து இல்லாதவனும் சும்மா நிற்க முடியாது. காலி இடம் தேடி ஓடினால்தான் அவனுக்கு பாஸ் வரும். ஒரே தொடுதலில் பந்தைத் தட்டி விடும் பழக்கம் தானாகவே வந்துவிடும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எந்தப் பள்ளி அணியை எடுத்தாலும் நல்லா ஆடுற 2 பேர் காலில்தான் பந்து கிடக்கும். மற்ற 9 பேர் ஓடிக்கொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான். டிரிபிளிங் கிடையாது என்று வந்ததும் அந்த 9 பேருக்கும் பந்து வர ஆரம்பிக்கும். பந்து தொடத் தொடத்தான் பையன் வளருவான். சுமாராக ஆடுகிற பையனுக்கு ஆட்டத்தின் நடுவில் இடம் கிடைப்பது இந்த மாதிரி ரூலால்தான்.

இரண்டாவது, பழகாத காலால் மட்டும் ஆடும் போட்டி. வலது காலில் ஆடிப் பழகியவன் இடது காலால்தான் உதைக்கணும். இடது கால்காரன் வலது காலால்.

இந்தப் போட்டி, அணியின் ஸ்டாரையும் கடைசி பெஞ்ச் ஆளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஸ்டாரின் இடது காலும் அன்றைக்குத் தடுமாறும். தன்னாலும் தப்பு பண்ண முடியும் என்பது அவனுக்குப் புரியும். மற்றவனுக்கு, தானும் இவனுக்குச் சளைத்தவன் இல்லை என்ற தைரியம் வரும். கூடவே, 2 காலும் பழகிய ஆட்டக்காரன் தயாராவான். 2 காலாலும் ஆடுகிறவனைத் தடுப்பது டிஃபெண்டருக்குக் கஷ்டம். எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது, கத்திக் கத்திச் சொல்லித்தரும் வேலையை ரஹீம் ரூலிடமே விட்டுவிட்டார். மைதானத்து ஓரத்தில் நின்று பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு என்று தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. ரூல் அப்படி இருந்தால் பையன் தானாகவே பாஸ் பண்ணுவான். இன்றைய கால்பந்து அகாடமிகளில் 2 தொடுதல் மட்டும், சின்ன மைதானம், ஒரு பக்கம் ஆள் குறைவு என்று விதிகளை மாற்றி ஆட வைப்பார்கள். அதே யோசனையை ஹைதராபாத்தில் ஒரு வாத்தியார் அன்றைக்கே செய்து பார்த்துவிட்டார்.

*சிட்டி போலீஸ்: 5 வருஷம், 5 கோப்பை*

பசங்களிடம் போட்ட விதை எங்கே முளைத்தது? ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியில்.

1950-ல் அந்த அணியின் கோச் பொறுப்பை ஏற்றார் ரஹீம். அன்றைக்கு இந்தியக் கால்பந்து என்றாலே கொல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் எல்லாம் அங்கேதான். பணம், புகழ், கூட்டம் எல்லாமும் அங்கேதான். ஹைதராபாத்தின் போலீஸ்காரர்கள் அணி இவர்களோடு மோதுவதா என்று கேட்டிருப்பார்கள்.

மும்பையில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950-ல் வென்றது சிட்டி போலீஸ். 1951, 1952, 1953, 1954 என அடுத்தடுத்தும் அவர்களேதான். தொடர்ந்து 5 முறை. டூரண்ட் கோப்பையும் அந்த அணியின் அலமாரிக்கு வந்தது. 1950-களின் நடுவில் ஹைதராபாத் மாநில அணி சந்தோஷ் டிராஃபியை அடுத்தடுத்து 2 முறை வென்றது. நூர் முகமது, அஜீஸுதீன், லத்தீஃப், மொயினுதீன் என்று இந்திய அணிக்கு வரிசையாக ஆட்கள் போனார்கள்.

குட்டிக் குட்டி பாஸ், ஓயாத ஓட்டம், ஒருவரை ஒருவர் நம்பி ஆடுவது. இதற்கு ஹைதராபாத் பாணி என்றே பெயர் விழுந்தது.

*அம்முகுடா பையனும் ஒரு சைக்கிளும்*

ரஹீம் திறமையை எப்படித் தேடினார் என்பதற்கு ஒரே ஒரு பெயர் போதும். துளசிதாஸ் பலராம்.

1936-ல் செகந்திராபாத் பக்கம் அம்முகுடா கிராமத்தில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் பலராம். ஏழ்மையான குடும்பம். பூட்ஸ் வாங்கக் காசு இல்லை. போலீஸ்காரர்கள் போட்டுக் கழித்த பழைய பூட்ஸைச் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, கால்பந்து பூட்ஸாக மாற்றி ஆடியவர்.

உள்ளூர் ஆட்டம் ஒன்றில் இவரைப் பார்த்த ரஹீம், ஹைதராபாத் அணியின் பயிற்சிக்கு வரச் சொன்னார். பலராமுக்கு ஆசைதான். ஆனால் அம்முகுடாவில் இருந்து தினமும் ஹைதராபாத் வந்துபோகப் பணம்? அங்கேயே கதை முடிந்திருக்கலாம். எத்தனையோ பேருக்கு அங்கேதான் முடிந்தது. ரஹீம் அந்தப் பையன் வந்துபோக சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார்.

அதன்பிறகு நடந்தது வரலாறு. ஹைதராபாத் அணியில் இடம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இடம், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல், 1962-ல் ஆசியத் தங்கம். பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் மூவரையும் இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்திகள் என்பார்கள். உடல்நலக் குறைவால் 30 வயதுக்கு முன்பே ஆட்டத்தை விட்டார் பலராம். 2023 பிப்ரவரியில் காலமானார்.

திறமையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கண்டுபிடித்த பையன் நாளைக்கும் மைதானத்துக்கு வந்து சேர என்ன தடை இருக்கிறது என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி. இதைப் பார்க்கத் தெரிந்தவராக இருந்தார் ரஹீம்.

*ஹெல்சிங்கியில் 10-1*

எல்லாம் வெற்றிக் கதைதானா என்றால் இல்லை.

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரஹீமின் இந்திய அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என வென்றது. கோல் அடித்தவர் மேவாலால். தங்கம் வாங்கிய கையோடு அடுத்த வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குக் கிளம்பினார்கள்.

அங்கே காத்திருந்தது யூகோஸ்லாவியா. 10-1. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அகமது கான். குளிர் பிரதேசத்தில், பூட்ஸ் போட்ட ஐரோப்பியர்களுக்கு எதிராக இந்தியர்களில் பலர் வெறுங்காலில் ஆடினார்கள்.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது. ரஹீமுக்கும் இது பாடமாக அமைந்தது. அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டம் அவரை ஈர்த்தது. சென்டர் ஃபார்வர்ட் ஆட்டக்காரர் கோல் அருகில் நிற்காமல் பின்னால் இறங்கி வருவது, எதிரணி டிஃபெண்டர் யாரைக் காவல் காப்பது என்று தெரியாமல் குழம்புவது. இந்த முறையைத் தன் அணியிலும் கொண்டுவந்தார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் 4-2-4 வியூகத்தை உலகத்துக்கே காட்டுவதற்கு முன்பே, அதற்கு நெருக்கமான அமைப்பில் இந்தியாவை ரஹீம் ஆட வைத்தார் என்று கால்பந்து வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

தோற்றதும் அணியைக் கலைத்துவிட்டு ஒதுங்கவில்லை. எதனால் தோற்றோம் என்று பிரித்துப் பார்த்தார். திறமையில் குறையா, உடல் வலுவில் குறையா, காலில் பூட்ஸ் இல்லாததா, வியூகமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பரீட்சையில் மார்க் குறைந்த பையனை நல்ல வாத்தியார் அப்படித்தானே பார்ப்பார்!

*மெல்போர்ன், ரோம்: நிமிர்ந்த இந்தியா*

1956 மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என வீழ்த்தியது இந்தியா. நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி என்ற பெருமையும் இந்தியாவுக்கே.

அரையிறுதியில் எதிரணி யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா. இந்த முறை ஸ்கோர் 4-1. தோல்விதான். ஆனால் 10-1 எங்கே, 4-1 எங்கே! இடையில் 4 வருஷம்தான். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 எனத் தோற்று, 4-வது இடம் பிடித்தது இந்தியா. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் உச்சம் இன்றுவரை இதுதான்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 1-1 என டிரா செய்தார்கள். கேப்டன் பி.கே.பானர்ஜி கோல் அடித்தார். அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் 2-1 என்ற சிறு வித்தியாசத்தில்தான் தோற்றார்கள். பெருவிடம் 3-1 எனத் தோற்று வெளியேறினாலும், ஐரோப்பிய அணிகளுக்குச் சமமாக நின்று ஆட முடியும் என்பது தெரிந்தது.

ரோம் சென்ற அணியில் ரஹீமின் மகன் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்திலும் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கோச்சின் மகன் என்பதற்காக யாருடைய இடமும் பறிபோகவில்லை.

*ஜகார்த்தா 1962: கடைசிப் பரீட்சை*

1962-ல் ஜகார்த்தா கிளம்பும்போதே ரஹீமுக்கு உடம்பு சரியில்லை. நுரையீரல் புற்றுநோய்.

தொடக்கமும் சரியில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றாலும், டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

வெளியிலும் சூழ்நிலை கொதித்தது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அனுமதிக்காத இந்தோனேசியாவை, ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் முன்னணி நிர்வாகியான இந்தியர் ஜி.டி.சோந்தி எதிர்த்தார். கோபம் இந்தியர்கள் எல்லோர் மேலும் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மைதானத்தில் இந்திய அணிக்கு எதிராக ஒரே கூச்சல்.

இந்த நிலைமையில்தான் தன் ஆட்டக்காரர்களை எவ்வளவு ஆழமாகப் படித்து வைத்திருக்கிறார் என்பதைக் காட்டினார் ரஹீம். தலையில் தையலோடு இருக்கும் ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையில் நிறுத்துவது ஆபத்து. வெளியே உட்கார வைக்கவும் மனசில்லை. அவரை முன்வரிசைக்கு மாற்றி, சென்டர் ஃபார்வர்ட் ஆக்கினார். டிஃபெண்டரை ஃபார்வர்டாக ஆட வைப்பதா? தெற்கு வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஜர்னைல் கோல் அடித்தார். கேப்டன் சுனி கோஸ்வாமியும் 2 கோல் போட, 3-2 என வெற்றி.

இறுதி ஆட்டத்துக்குக் கோல்கீப்பராக பீட்டர் தங்கராஜைத் திரும்ப அழைத்தார். ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடிப் பெயர் வாங்கிய உயரமான கோல்கீப்பர். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் ஓய்வில் இருந்தவர். உயரப் பந்துகளைப் பிடிக்க அவர் வேண்டும் என்று கணக்குப் போட்டார் ரஹீம்.

1962 செப்டம்பர் 4. எதிரில் முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே தென்கொரியா. ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம் ரஹீம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்தத் தங்கத்தைத் தனக்குப் பரிசாகத் தரணும் என்று. முதல் 20 நிமிடங்களுக்குள் பி.கே.பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசிக் கட்டத்தில் கொரியா ஒன்று திருப்பியடித்தும் 2-1 என இந்தியா தங்கம் வென்றது.

9 மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ம் தேதி ரஹீம் காலமானார். வயது 53.

*அவருக்குப் பிறகு என்ன ஆச்சு?*

1970 பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம். கேப்டன், ஹைதராபாத்தின் சையத் நயீமுதீன். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா வாங்கிய கடைசிப் பதக்கம் அதுதான்.

1974-ல் ஆசிய இளைஞர் கால்பந்துப் போட்டியில் ஈரானோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்டது இந்தியா. கேப்டன் ஷபீர் அலி, அவரும் ஹைதராபாத்காரர். அந்த இளைஞர் அணியின் கோச் அருண் கோஷ், 1962-ல் ரஹீமின் தங்க அணியில் டிஃபெண்டராக ஆடியவர். வாத்தியார் போய் 11 வருஷம் கழித்தும், அவரிடம் படித்தவர் அடுத்த தலைமுறைக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அந்தச் சங்கிலி அறுந்தது. ஹைதராபாத்தும் இந்தியக் கால்பந்தின் தலைநகரம் என்ற இடத்தை இழந்தது. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரியும். ரஹீம் கட்டியது வெறும் தேசிய அணியை இல்லை, அதற்குக் கீழே இருந்த படிக்கட்டை. பள்ளிப் பையன், உள்ளூர் போட்டி, சிட்டி போலீஸ், ஹைதராபாத் அணி, இந்திய அணி என ஒவ்வொரு படியிலும் அவர் கண் இருந்தது. மேல்படியில் ஆள் மாறலாம். கீழ்ப்படிகளைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் ஏறி வர யாரும் இருக்க மாட்டார்கள்.

*இன்றைக்கு உங்கள் பிள்ளைக்கு இது எப்படி உதவும்?*

பிள்ளைகளை வயசுக்கும் திறமைக்கும் ஏற்றபடி பழக்கணும் என்பதை இன்றைய கால்பந்து உலகம் அடிப்படைப் பாடமாகவே வைத்திருக்கிறது. சுருக்கமாகப் பார்த்தால் இப்படி:

6 முதல் 9 வயசு: பந்தோடு நட்பு ஆகும் வயசு. வரிசையில் நிற்க வைத்து ஓட விடுவது வீண். சின்ன மைதானம், சின்ன பந்து, ஒரு பக்கத்துக்கு 4 அல்லது 5 பேர். ஒவ்வொரு பிள்ளையும் பந்தைத் தொட்டுக்கொண்டே இருக்கணும். ஜெயிப்பது முக்கியம் இல்லை. இந்த வயசில் டிரிபிளிங்கைத் தாராளமாக விடலாம்.

10 முதல் 13 வயசு: சொன்னதை உடம்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் காலம். 2 கால் பழக்கம், பாஸ், தலையைத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் இப்போதுதான் ஏறும். ரஹீமின் 2 போட்டிகளும் இந்த வயசுப் பிள்ளைகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒரே பொசிஷனில் கட்டிப்போடாமல் எல்லா இடத்திலும் ஆட விடணும்.

13 முதல் 15 வயசு: திடீரென்று உயரம் கூடும் காலம். நேற்றுவரை நன்றாக ஆடியவன் இன்றைக்குத் தடுமாறுவான். கால் எலும்பு வேகமாக வளர்வதால் முட்டிக்குக் கீழே வலி வருவதும் உண்டு. சோம்பேறித்தனம் என்று திட்டாமல், ஓட்டத்தைக் குறைத்து, வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டணும்.

16 வயசுக்கு மேல்: பொசிஷன், வியூகம், உடல் வலு எல்லாம் இங்கே.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வயசுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் இருப்பார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷ இடைவெளி. 12 வயசில் அது பெரிய வித்தியாசம். ட்ரையல்ஸில் உயரமான பையன் தேர்வாகிவிடுவான், சின்ன உடம்புக்காரன் கழிக்கப்படுவான். பல நாடுகளின் இளையோர் அணிகளில் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இதனால்தான் இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப்களின் அகாடமிகள், வயசை மட்டும் பார்க்காமல் உடல் வளர்ச்சியின் அடிப்படையில் பிள்ளைகளைப் பிரித்து ஆட வைத்துப் பார்த்தன. மேற்கு வங்கத்தில் உயரத்தை அளந்து, 4 அடி 10 அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஆட முடியாது என்ற போட்டிகள் நடப்பது பழைய வழக்கம்.

இன்னொரு பக்கம், சர்டிஃபிகேட்டில் வயசைக் குறைத்துக் காட்டி ஆட வைப்பதும் நடக்கிறது. கோப்பை கிடைக்கும். ஆனால் உண்மையான வயசுள்ள ஒரு பையனின் இடம் அங்கே பறிபோகிறது. 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து ஃபிஃபா பரிசோதிப்பது இதைத் தடுக்கத்தான்.

அடுத்தமுறை பிள்ளையை கோச்சிங்கில் விடும்போது 5 நிமிஷம் நின்று பாருங்கள். எல்லாப் பிள்ளைகள் காலுக்கும் பந்து போகிறதா? நல்லா ஆடுறவனுக்கும் சவால் இருக்கிறதா, சுமாரா ஆடுறவனுக்கும் இடம் இருக்கிறதா? ஒரு வாரம் வராத பையனை ஏன் வரவில்லை என்று கோச் கேட்கிறாரா?

இந்த 3 கேள்விக்கும் ஆமாம் என்றால் நல்ல இடத்தில்தான் பிள்ளையை விட்டிருக்கிறீர்கள். இல்லையென்றால், அந்தக் கூட்டத்தில் ஒரு பலராம் சைக்கிள் இல்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம்.